சுயியா பேசின ஹிந்தி, ஆர்ஜி வீட்டுத் தமிழ்: தீபா மேத்தா பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு மாட்டு வண்டி போயிட்டிருக்கு. அதுல ஏழெட்டு வயசுப் பொண்ணு ஒருத்தி கால வெளிய தொங்கப் போட்டுகிட்டு கரும்பு கடிச்சிகிட்டு வர்றா. பக்கத்துல ஒரு ஆளு நோயில படுத்துக் கெடக்குறாரு, அவருதான் அவ புருஷன். அன்னைக்கு ராத்திரி அப்பா அவள எழுப்பி, உனக்கு கல்யாணம் ஆனது ஞாபகம் இருக்கான்னு கேக்குறாரு, இல்லைங்கறா. உன் புருஷன் செத்துட்டான்மா, இனிமே நீ விதவைன்னு சொல்றாரு. அதுக்கு அவ, "எவ்வளவு நாளைக்குப்பா?"ன்னு கேக்குறா.

'வாட்டர்' படம் இப்படித்தான் ஆரம்பிக்குது. 1938ல காசில ஒரு விதவைகள் ஆசிரமம், அந்தப் பொண்ணு பேரு சுயியா. எத்தனை தடவ பாத்தாலும் அந்தக் கேள்வில எனக்கு தொண்டை அடைச்சிடும். ஆனா ரொம்ப நாள் கழிச்சுதான் ஒண்ணு தெரிஞ்சுகிட்டேன், அந்தக் கேள்வியக் கேட்ட பொண்ணுக்கு ஹிந்தியே தெரியாதாம். சரளா காரியவசம்னு ஒரு இலங்கைப் பொண்ணு. ஒவ்வொரு வரியையும் காதால கேட்டு, சத்தமா மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிருக்கா. படம் எடுத்ததும் காசில இல்ல, இலங்கைல.

இத எடுத்த தீபா மேத்தாவே பதினஞ்சு வருஷம் கழிச்சு அதே இலங்கைக்குப் போயி ஒரு தமிழ்க் குடும்பத்தோட கதைய எடுத்தாங்க, 'ஃபன்னி பாய்'. அதுலயும் தமிழ் தெரியாதவங்க தமிழ ஒப்பிச்சாங்க. முதல் தடவ அந்த வழி ஒரு பெரிய படத்தக் காப்பாத்திச்சு, ரெண்டாவது தடவ அதே வழி, யாரோட கதையோ அந்த மக்களையே காயப்படுத்திடுச்சு. ஏன் அப்படி ஆச்சுங்கறதத்தான் இங்க எழுதப் போறேன், அதுக்கு அவங்க வாழ்க்கைய கொஞ்சம் முன்னாடிலேருந்து பாக்கணும்.

தீபா மேத்தா 1950ல அமிர்தசரஸ்ல பொறந்தாங்க. அப்பா பட விநியோகஸ்தர், தியேட்டரும் வச்சிருந்தாரு. அதனால சினிமா அவங்களுக்கு வீட்டுத் தொழில் மாதிரிதான். டெஹ்ராடூன்ல ஸ்கூல், அப்புறம் டெல்லி லேடி ஸ்ரீராம் காலேஜ்ல தத்துவம். படிச்சு முடிச்சிட்டு டெல்லில டாக்குமெண்டரி எடுக்கற இடத்துல வேலைக்குச் சேர்ந்தாங்க. அங்கதான் பால் சால்ட்ஸ்மன்னு ஒரு கனடாக்காரரப் பாத்தாங்க, கல்யாணம் பண்ணிகிட்டு 1973ல டொரண்டோவுக்குப் போயிட்டாங்க. ரெண்டு பேரும் தீபாவோட தம்பி திலீப்பும் சேர்ந்து சன்ரைஸ் ஃபிலிம்ஸ்னு கம்பெனி ஆரம்பிச்சாங்க. முதல்ல டாக்குமெண்டரி, டிவி சீரியல்னு வருஷக்கணக்கா ஓடிச்சு. 80கள்ல விவாகரத்தும் ஆச்சு. முதல் முழு நீளப் படம் 'சாம் அண்ட் மீ' 1991ல வர்றப்ப அவங்களுக்கு நாப்பது வயசு தாண்டிடுச்சு. டொரண்டோவுக்குப் பிழைக்க வந்த ஒரு இந்தியப் பையனுக்கும் அவன் பாத்துக்க வேண்டிய ஒரு யூதப் பெரியவருக்கும் நடுவுல வர்ற நட்புதான் கதை. கான் விழால முதல் படங்களுக்கான போட்டில சிறப்புக் குறிப்பு கெடச்சுது. அத வச்சு ஜார்ஜ் லூகாஸோட 'யங் இண்டியானா ஜோன்ஸ்' சீரியல்ல எபிசோட் டைரக்ட் பண்ற வாய்ப்பு, அப்புறம் ஜெசிகா டேண்டிய வச்சு 'கமில்லா'. இப்படியே போயிருந்தா கனடா டிவி, சினிமா உலகத்துல ஒழுங்கா சம்பாதிக்கற ஒரு டைரக்டரா செட்டில் ஆயிருக்கலாம்.

ஆனா அவங்க இந்தியாவுக்குத் திரும்பி வந்து ஒரு முப்படம் எடுக்க ஆரம்பிச்சாங்க, நெருப்பு, மண், தண்ணி.

1996ல 'ஃபயர்'. டெல்லில ஒரே கூட்டுக் குடும்பத்துக்கு வாக்கப்பட்ட ரெண்டு மருமகளுங்களுக்கு நடுவுல வர்ற காதல். ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும் நடிச்சது. பின்னணில நம்ம ஏ.ஆர். ரஹ்மானோட 'பம்பாய்' தீம் வரும், தமிழ்நாட்டுல அந்த இசைய வேற கதையோட கேட்டு வளர்ந்தவங்களுக்கு முதல்ல திடுக்குனு இருக்கும், அப்புறம் அந்த ரெண்டு பொண்ணுங்களோட முகத்தப் பாத்தா அதுவும் இதுக்காகவே போட்ட மாதிரி ஒட்டிக்கும். இந்தியாவுல சென்சார் ஒரு கட்டும் இல்லாம 'ஏ' குடுத்து 1998 நவம்பர்ல ரிலீஸ் ஆச்சு. டிசம்பர் முதல் வாரத்துல மும்பைலயும் டெல்லிலயும் சிவசேனாக்காரங்க தியேட்டருக்குள்ள பூந்து அடிச்சு நொறுக்கினாங்க. படம் மறுபடி சென்சாருக்குப் போச்சு, மறுபடியும் கட் இல்லாமலேயே வெளிய வந்துச்சு. ஒரே போர்டு ஒரே படத்த ரெண்டு தடவ பாத்து ரெண்டு தடவையும் சரின்னு சொல்லிச்சுங்கறது இன்னைக்கும் பலபேருக்கு ஞாபகம் இல்லாத விஷயம்.

ஒண்ண கவனிங்க, 'ஃபயர்' டெல்லி வீட்டுக்குள்ள நடக்கற கதை, ஆனா எடுத்தது இங்கிலீஷ்ல. மருமகளுங்க, புருஷன், கொழுந்தன் எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்க. அப்பவே சிலருக்கு அது உறுத்திச்சு. ஷபானாவும் நந்திதாவும் தூக்கி நிறுத்தினதால பெரும்பாலானவங்க கண்டுக்கல. எந்தக் கதைய எந்த மொழில சொல்றதுங்கற பிரச்சனை அவங்க கேரியர்ல இங்கேர்ந்தே ஓடுது, பின்னாடி வரப் போறதுக்கு இதுதான் முதல் அறிகுறின்னு நான் நெனைக்கறேன்.

'எர்த்' 1998. பாப்ஸி சித்வா நாவல்லேர்ந்து எடுத்தது, லாகூர், 1947 பிரிவினை. கால் சரியில்லாத ஒரு பார்சி சிறுமி, அவள பாத்துக்கற ஆயா சாந்தா, அவளச் சுத்தி எல்லா மதத்து ஆம்பளைங்களும் பார்க்குல உக்காந்து ஜோக்கடிச்சிட்டு இருப்பாங்க. கடைசில அந்தச் சின்னப் பொண்ணு வெகுளியா சொல்ற ஒரு உண்மை சாந்தாவ கும்பல் கையில சிக்க வச்சிடும். ஐஸ் விக்கற ஆளா ஆமிர்கான், அவர் கேரியர்லயே அவ்வளவு பயமுறுத்தின ரோல் வேற இல்லன்னு சொல்லுவேன். இசை இங்கயும் ரஹ்மான். இந்தியா சார்பா ஆஸ்கருக்கு அனுப்பின படம் இது. அவங்க படங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான், ஹிந்தி, உருது, பஞ்சாபி எல்லாம் யாரு வாயிலேர்ந்து வரணுமோ அவங்க வாயிலேர்ந்தே வருது.

அடுத்து 'வாட்டர்'. மத்திய அரசு ஸ்கிரிப்ட்டப் படிச்சிட்டு அனுமதி குடுத்திருந்துச்சு. 2000 ஜனவரில காசிப் படித்துறைல செட் போட்டாச்சு, ஷபானாவும் நந்திதாவும் விதவை ரோலுக்காக மொட்டை அடிச்சிகிட்டாங்க, ஹீரோ அக்ஷய் குமார். ஜனவரி கடைசில, ஷூட்டிங் ஆரம்பிக்கப் போற நேரத்துல, ஏறத்தாழ 2000 பேரு வந்து செட்ட அடிச்சு, எரிச்சு, கங்கைல தூக்கிப் போட்டாங்க. இந்து மதத்த அவமானப்படுத்தற படம்னு கோஷம், படத்துல ஒரு ஃபிரேம் கூட அவங்க பாக்கல, பாக்கறதுக்கு ஒரு ஃபிரேமும் எடுத்திருக்கல. திரும்பவும் ஆரம்பிக்கப் பாத்தாங்க, ஒரு ஆளு எதிர்ப்பு காட்டி கங்கைல குதிச்சாரு, உத்தரப் பிரதேச அரசு சட்டம் ஒழுங்குன்னு காரணம் சொல்லி மொத்தமா நிறுத்திடுச்சு. மத்தியப் பிரதேசம் எங்க மாநிலத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டுச்சு. அந்த நேரத்துல மேத்தா ஒத்துக்கல, கனடா திரும்பிட்டாங்க. மொட்டை போட்ட ரெண்டு நடிகைகளும் அப்படியே வீட்டுக்குப் போனாங்க.

நடுவுல 2002ல 'பாலிவுட் ஹாலிவுட்'னு டொரண்டோலயே ஒரு ஜாலியான படம் எடுத்தாங்க, கனடாவோட ஜீனி விருதுகள்ல சொந்தக் கதை திரைக்கதைக்கு விருது வாங்கிச்சு. அடுத்து ஒரு காதல் படம், அதப் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல.

சில வருஷம் கழிச்சு வேற ஒரு பேரு வச்சு சத்தமில்லாம இலங்கைல 'வாட்டர்' எடுத்தாங்க. ஷபானா நந்திதாவுக்கு பதிலா சீமா பிஸ்வாஸ், லிசா ரே, அக்ஷய்க்கு பதிலா ஜான் ஆப்ரஹாம். காசிப் படித்துறைய இலங்கைல செட்டா போட்டு எழுப்பினாங்க. சுயியாவுக்கு உள்ளூர்லயே பொண்ணு தேடி சரளாவக் கண்டுபிடிச்சாங்க. 2005ல டொரண்டோ விழாவோட துவக்கப் படம், 2007ல சிறந்த அயல்மொழிப் படத்துக்கு ஆஸ்கர் நாமினேஷன். கனடாலேர்ந்து பிரெஞ்சு இல்லாத ஒரு படம் அந்தப் பட்டியல்ல வந்தது அதுதான் முதல் தடவ. அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. முன்னாடி எந்த நாடு படத்த அனுப்புதோ அந்த நாட்டு மொழில படம் இருக்கணும்னு ஆஸ்கர்ல விதி, சரியா அந்த வருஷந்தான் அத எடுத்தாங்க. அதனாலதான் கனடா ஒரு ஹிந்திப் படத்த அனுப்ப முடிஞ்சுது.

இப்ப கேஸோட முதல் பாதிக்கு வர்றேன். சரளா மனப்பாடம் பண்ணின ஹிந்தி ஏன் உறுத்தல? ரெண்டு மூணு தடவ அத மட்டுமே கவனிச்சுப் பாத்தேன். முதல் விஷயம் சுயியா ஒரு குழந்தை, அதுவும் அந்த ஆசிரமத்துக்கு வெளியாளு. எங்கிருந்தோ கொண்டாந்து தள்ளிட்டுப் போயிட்டாங்க, அங்க இருக்கற பேச்சு, விதி, சாப்பாடு எதுவும் அவளுக்குப் பழக்கம் இல்ல. அவ வார்த்தை கொஞ்சம் தனியா விழுந்தா அது பாத்திரத்துக்குப் பொருந்திப் போகுது. ரெண்டாவது, அவளச் சுத்தி இருக்கறவங்க அந்த மொழில ஊறினவங்க, சீமா பிஸ்வாஸ் ஒரு வார்த்தை பேசாம பாத்தாலே அந்த வீட்டோட மொத்த வரலாறும் தெரியும். வசனத்த ஹிந்தில எழுதினவரு அனுராக் காஷ்யப். ஒரு கிழவி வருவாங்க படத்துல, சின்ன வயசு கல்யாணத்துல சாப்பிட்ட லட்டு ஜிலேபியயே வாழ்நாள் பூரா நெனைச்சுகிட்டு இருப்பாங்க. சுயியா பிச்சை எடுத்த காசுல ஒரு லட்டு வாங்கி அவங்க பக்கத்துல வச்சிட்டு வருவா. அந்த சீன்ல பேச்சே கெடையாது. ஒரு கையும் ஒரு லட்டும். இப்படி மொழிய நம்பாம நிக்கற இடங்கள் படத்துல நெறைய.

இதுக்கு நடுவுல 2008ல 'ஹெவன் ஆன் எர்த்', டொரண்டோ பக்கத்துல பிராம்ப்டன்ல புருஷன்கிட்ட அடி வாங்கற பஞ்சாபிப் பொண்ணா ப்ரீத்தி ஜிந்தா, கிரிஷ் கர்னாடோட நாகமண்டலக் கதைய அதுக்குள்ள கொண்டாந்தாங்க, நல்ல படம், கவனிக்காம விட்டுட்டாங்க. 2012ல ருஷ்டியோட 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்', மறுபடி இலங்கைலதான் ஷூட்டிங். ஈரான் ஆட்சேபிச்சதும் இலங்கை அரசு நடுவுல நிறுத்திச்சு, அப்புறம் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச வரைக்கும் போயி அனுமதி வாங்கி முடிச்சாங்க. காசில கெடைக்காத அனுமதி, கொழும்புல கெடைச்சுது. அது யாருகிட்டேர்ந்து, எந்தக் காலத்துல கெடைச்சுதுன்னு நம்ம ஆளுங்க யோசிக்காம இருக்க முடியாது. ஷூட்டிங் நடந்தது 2011ல, 2009ல போர் முடிஞ்சு ரெண்டு வருஷம் கூட சரியா ஆகல அப்போ.

இனி 'ஃபன்னி பாய்'. ஷியாம் செல்வதுரை கொழும்புல பொறந்தவரு, அப்பா தமிழர், அம்மா சிங்களவர், தமிழர்களுக்கு எதிரான 83 கலவரத்துக்கு அப்புறம் பத்தொம்பது வயசுல குடும்பத்தோட கனடா போனவரு. 1994ல வந்த அவரோட முதல் நாவல் அது. பொண்ணுங்களோட சேர்ந்து சேலை கட்டி மணப்பொண்ணு விளையாட்டு விளையாடற ஆர்ஜிங்கற பையன், வீட்டுல அவன "ஒரு மாதிரி"ன்னு சொல்றாங்க, வளர்ந்து கூடப் படிக்கற ஒரு சிங்களப் பையன விரும்பறான், வெளிய நாடு பத்தி எரிய ஆரம்பிக்குது, 83 ஜூலைல முடியுது. மேத்தாவும் செல்வதுரையும் சேர்ந்து திரைக்கதை எழுதினாங்க. கொழும்புலயே எடுத்தாங்க, 2020 டிசம்பர்ல கனடாவோட சிபிசி டிவில வந்துச்சு, வெளிநாடுகளுக்கு அமெரிக்க டைரக்டர் ஏவா டுவெர்னேவோட அரே கம்பெனி எடுத்து நெட்ஃபிளிக்ஸ்ல போட்டாங்க.

ட்ரெய்லர் வந்தப்பவே பிரச்சனை ஆரம்பிச்சிடுச்சு. வளர்ந்த ஆர்ஜியா பிராண்டன் இங்ரம், அப்பாவா அலி காஸ்மி, ராதா அத்தையா அகம் தர்ஷி, பாட்டியா சீமா பிஸ்வாஸ். முக்கியமான தமிழ்ப் பாத்திரங்கள்ல தமிழ் பேசி வளர்ந்தவங்களத் தேட வேண்டியிருந்துச்சு. வாயிலேர்ந்து வந்த தமிழோ ழகரமும் இல்ல, யாழ்ப்பாணமும் இல்ல, கொழும்பும் இல்ல. கனடாவுல இருக்கற குவியர் தமிழர்கள், அதாவது ஓரின ஈர்ப்பு உள்ளவங்க, திருநர்கள் மாதிரியானவங்க, ஒரு கூட்டமைப்பா சேர்ந்து படத்தப் புறக்கணிக்கச் சொன்னாங்க. இத நான் அழுத்திச் சொல்லணும், எதிர்த்தவங்க கலாச்சாரக் காவலர்கள் கெடையாது. இந்தக் கதைக்காக வருஷக்கணக்கா காத்துகிட்டு இருந்தவங்க அவங்கதான். தங்கள மாதிரி ஒரு பையன் திரைல வரப்போறான்னு சந்தோஷமா ட்ரெய்லர தட்டினவங்க. காசில செட்ட எரிச்ச கும்பலையும் இவங்களையும் ஒரே தட்டுல வச்சு "இந்தம்மா எது எடுத்தாலும் எதிர்ப்பு"ன்னு எழுதினத நான் படிச்சிருக்கேன், அது ரொம்ப அநியாயம்.

மேத்தா தரப்புல தமிழ் நடிகர்களத் தேடினோம், பேசி வச்சிருந்த சிலர் பின்வாங்கிட்டாங்கன்னு சொன்னாங்க. அது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். இலங்கைல ஓரினச் சேர்க்கை சட்டப்படி இன்னும் குத்தம், அந்த பயம் நிஜம். எதிர்ப்பு வந்ததுக்கு அப்புறம் சில தமிழ் வசனங்கள திரும்ப டப் பண்ணவும் செஞ்சாங்க, பல டைரக்டர்கள் அதக் கூடச் செய்ய மாட்டாங்க. இன்னொண்ணும் நியாயமா சொல்லணும், செல்வதுரை எழுதின குடும்பம் கொழும்புல வசதியான, வீட்டுல இங்கிலீஷ் பேசற குடும்பம், அதனால படத்துல இங்கிலீஷ் நெறைய இருக்கறது தப்பு இல்ல.

அப்போ எங்க சறுக்கிச்சு? என் பதில் இதுதான். 'வாட்டர்'ல மொழி கதைய ஏத்திகிட்டுப் போற வண்டி. 'ஃபன்னி பாய்'ல மொழிதான் கதையே. 1956ல சிங்களம் மட்டும்னு சட்டம் வந்த நாள்லேர்ந்து அந்தத் தீவுல சண்டையே அதுலதான். 83ல கும்பல் கையில வாக்காளர் பட்டியல் இருந்துச்சு, வீட்டுல இருக்கறது யாருன்னு அதுல பாத்தாங்க, ரோட்டுல பஸ்ஸுல மாட்டினவங்கள எப்படிக் கண்டுபிடிச்சாங்க? தப்பி வந்தவங்க திரும்பத் திரும்பச் சொன்னது, வாளியக் காட்டி இதுக்கு சிங்களத்துல என்னன்னு கேப்பானுங்க, "பால்திய"ன்னு அவங்க சொல்ற மாதிரியே சொல்லணும், நாக்கு கொஞ்சம் தமிழ்ப் பக்கம் சாஞ்சா முடிஞ்சுது. ஒரு எழுத்த எப்படி உச்சரிக்கறோம்ங்கறதுல உயிரு போன ஜனங்க அவங்க. அந்த ஜூலையக் காட்டற படத்துல, தமிழராக் காட்டறவங்களோட நாக்குல தமிழ் இல்லைன்னா, பாக்கறவங்களுக்கு அது டெக்னிக்கல் கொறையா தெரியாது.

சின்ன உதாரணம் ஒண்ணு. இந்தியத் தமிழர் "ஆமா"ம்பாங்க, இலங்கைத் தமிழர் "ஓம்"பாங்க. ஒரே ஒரு அசை. எனக்குத் தெரிஞ்ச ஒரு இலங்கை அக்கா இருக்காங்க, சென்னைல முப்பது வருஷமா இருக்காங்க, மார்க்கெட்ல, ஆஸ்பத்திரில எல்லாம் பழகி "ஆமா"தான் சொல்லுவாங்க, ஊருலேர்ந்து அவங்க தங்கச்சி ஃபோன் பண்ணினா மட்டும் "ஓம் ஓம்"னு வரும், குரலே வேற ஆளா மாறும். சமையல்கட்டுல நின்னுகிட்டு நான் அதக் கேட்டிருக்கேன். இந்தப் படத்த அவங்களோட உக்காந்து பாத்தேன். பாட்டி பேச ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல அவங்க சப்டைட்டில் படிக்க ஆரம்பிச்சிட்டாங்க. தமிழ் வசனத்துக்கு. சீமா பிஸ்வாஸ் எவ்வளவு பெரிய நடிகைன்னு எனக்குத் தெரியும், 'வாட்டர்'ல சகுந்தலாவா அவங்களப் பாத்து அழுதவன் நான், ஆனா அன்னைக்கு அந்த அக்காவப் பாத்தப்ப அந்த மரியாதை ஒண்ணும் உதவல.

டொரண்டோவுல 1973லேர்ந்து இருக்கறவங்க மேத்தா. அதே நகரத்துல ஸ்கார்பரோ பக்கம் போனா கடை போர்டுலேர்ந்து கோயில் மணி வரைக்கும் ஈழத்தமிழ்தான். நாடகம் போடறவங்க, ரேடியோல பேசறவங்க, குறும்படம் எடுக்கறவங்கன்னு ரெண்டாவது தலைமுறையே வந்தாச்சு. 'வாட்டர்' எடுத்தப்ப காசிக்கு போக முடியாததுக்கு ஒரு கும்பல் காரணம். இங்க வழில யாரும் நிக்கல, பஸ் பிடிச்சா போற தூரம். என் வருத்தம் அங்கதான் இருக்கு.

ஆஸ்கர் விஷயத்துலயும் இதே மொழிதான் குறுக்க வந்துச்சு. கனடா 'ஃபன்னி பாய்'தான் எங்க படம்னு சர்வதேசப் பிரிவுக்கு அனுப்பிச்சு. பாதிக்கு மேல இங்கிலீஷ் இருக்குன்னு அகாடமி தள்ளிடுச்சு, கனடா வேற படத்த அனுப்பிச்சு. ஒரு மொழி விதி மாறினதால உள்ள போனவங்க, இன்னொரு மொழி விதியால வெளிய வந்தாங்க. ஆனா கனடாக்குள்ள 2021ல சிறந்த டைரக்டர், சிறந்த தழுவல் திரைக்கதை ரெண்டு விருதும் இந்தப் படத்துக்குத்தான் கெடைச்சுது. பட்டியல் பாத்தா வெற்றின்னுதான் சொல்லணும்.

படத்துல நல்லதே இல்லையான்னா இருக்கு. குட்டி ஆர்ஜியா வர்ற அருஷ் நந்த், சேலை முந்தானைய சரி பண்ணிகிட்டு கண்ணாடில பாக்கற பார்வை ஒண்ணு போதும். அம்மாவா வர்ற நிம்மி ஹரஸ்கமவுக்கு அந்த ஊரு உடம்புலயே இருக்கு, அவங்க வர்ற இடமெல்லாம் படம் நிமிர்ந்து உக்காருது. அதப் பாக்கறப்பதான் மத்த இடத்துலயும் இப்படி இருந்திருக்கலாமேன்னு கூடுதலா வலிக்குது.

அதுக்கப்புறம் 2023ல 'ஐ ஆம் சிராத்'னு ஒரு டாக்குமெண்டரி. டெல்லில ஒரு திருநங்கை, வெளிய பொண்ணா வாழறாங்க, வீட்டுக்குப் போனா அம்மாவுக்காக மகனா உடுத்திக்கறாங்க. எழுபது தாண்டின மேத்தா இந்தத் தடவ சிராத்தையே கூட்டா சேத்துகிட்டு எடுத்திருக்காங்க, பெரும்பகுதி செல்ஃபோன்ல பதிவானது. யாருக்கும் வசனம் எழுதித் தரல, யாரும் யாருக்கு பதிலாவும் பேசல. சிராத் தன்னோட ஃபோனப் பாத்து தன்னோட பேச்சுல பேசறாங்க, அம்மா இருக்கற வீட்டுக் கதவு வரைக்கும் கேமரா அவங்க கையிலயே போகுது.